ஆராதனையில் பாட்டு எதற்கு? சபை வாய் திறக்காவிட்டால் அது யாருடைய பாட்டு?

கல்லடி_பாடகன்:
எல்லோருக்கும் வணக்கம். கல்லடிப் பக்கம் ஒரு சபையில் பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். நீண்ட நாளாக மனதைக் குடையும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன்.

எங்கள் ஞாயிறு ஆராதனையில் முதல் 40 நிமிடம் பாட்டுத்தான். மேடையில் ஆறு பேர் மைக்கோடு நிற்கிறார்கள். கீபோட், பேஸ் கிற்றார், ட்ரம்ஸ் எல்லாம் உண்டு. பிள்ளைகள் சனிக்கிழமை பின்னேரம் முழுக்கப் பயிற்சி எடுத்துச் சுத்தமாகப் பாடுகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேடையிலிருந்து பார்த்தால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் ஒருவரின் உதடும் அசைவதில்லை. சிலர் கண்ணை மூடி நிற்கிறார்கள், சிலர் போனில் வீடியோ எடுக்கிறார்கள். பாட்டு முடிந்ததும் கை தட்டுகிறார்கள்.

இதைப் பற்றிச் சபைக் கமிட்டியில் பேசினால் இரண்டு பதில் வருகிறது. ஒன்று, பிரசங்கத்துக்கு மனதைத் தயார் செய்யத்தான் பாட்டு. மற்றது, நல்ல மியூசிக் இருந்தால்தான் இளம் பிள்ளைகள் வருவார்கள். இரண்டுமே பாட்டால் கிடைக்கும் பலன்கள், சரி. பாட்டின் நோக்கம் அதுதானா? கொலோசெயர் 3:16இல் பவுல் வேறு மாதிரி எழுதுகிறார். சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் "ஒருவருக்கொருவர் போதித்து புத்திசொல்லிக்கொண்டு" என்கிறார். ஒருவருக்கொருவர். மேடை சபைக்குப் பாடுவது என்று அங்கே இல்லை. பக்கத்து வாங்கில் இருக்கும் கிழவி எனக்கும், நான் அவவுக்கும் விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கும் வேலை அது. அந்த வேலை இன்று எங்கே நடக்கிறது?

புளியந்தீவு_மூத்தவர்:
தம்பி, நல்ல கேள்வி. நான் மெதடிஸ்த குடும்பம். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயர் மட்டக்களப்பில் வந்து இறங்கினார், அடுத்த வருடமே இங்கேயே இறந்துபோனார். அவரை அனுப்பிய இயக்கம் பாட்டிலேயே வளர்ந்த இயக்கம். அதனால் அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1761இல் பாடுகிறவர்களுக்கு எழுதிவைத்த அறிவுரைகளை நினைவுபடுத்துகிறேன். எல்லோரும் பாடுங்கள், உடல் களைப்பைச் சாட்டாக வைக்காதீர்கள் என்றார். உற்சாகமாகப் பாடுங்கள், பாதி செத்தவர்களைப் போலப் பாடவேண்டாம் என்றார். அடக்கமாகப் பாடுங்கள், கத்தி மற்றவர்களின் குரலை மூடிவிடாதீர்கள் என்றார். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்: பாடும் ஒவ்வொரு சொல்லிலும் கண் தேவன்மேல் இருக்கட்டும், உங்களையோ வேறு யாரையுமோ பிரியப்படுத்துவதைவிட அவரைப் பிரியப்படுத்தவே நோக்குங்கள்.

ஆவிக்குரிய நோக்கம் என்று தம்பி கேட்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது. ஆனால் ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் எல்லோரும் பாட வேண்டும். எல்லோரும் வாய் திறந்த பிறகுதான் கண் எங்கே இருக்கிறது என்ற கேள்வியே வரும்.

இன்னொன்று. நம் கீர்த்தனைகளின் அமைப்பைப் பாருங்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம். பாடத் தெரிந்த ஒருவர் சரணத்தைப் பாடுவார், சபை பல்லவியைத் திருப்பிப் பாடும். என் சிறுவயதில் எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிமார் நிறையப் பேர். புத்தகம் இல்லாமல், சுவரில் எழுத்து இல்லாமல், மூன்றாவது சரணம் வருவதற்குள் முழுச் சபையும் பாட்டுக்குள் வந்துவிடும். பல்லவிதான் எல்லாரையும் உள்ளே விடும் வாசல். இப்போதைய பாட்டுகளில் வசனம் நீளமாக ஓடுகிறது, மெட்டு நொடிக்கு நொடி மாறுகிறது. பயிற்சி எடுத்தவர் மட்டுமே பாடலாம் என்று ஆகிவிட்டது.

கிற்றார்_தம்பி:
ஐயா, அண்ணன், இருவருக்கும் மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். நான் அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு சிறிய சபையில் ஆராதனை நடத்துகிறவன். மேடையில் நிற்கும் எங்களைப் பற்றிப் பேசும்போது கச்சேரி நடத்துகிறோம் என்பது போலத்தான் எப்போதும் பேச்சு வருகிறது. நாங்கள் உபவாசம் இருந்து, முழங்காலில் நின்றுதான் மேடைக்குப் போகிறோம்.

தேவன் தம் ஜனத்தின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிறார் என்று 22ஆம் சங்கீதம் சொல்கிறது. யோசபாத் ராஜா படைக்கு முன்னால் பாடகர்களை நடக்கவிட்டார், அவர்கள் பாடத் தொடங்கியபோதுதான் எதிரிகள் விழுந்தார்கள். பாட்டு வெறும் போதனை இல்லை. அது தேவபிரசன்னத்துக்குள் போகும் வழி. வாய் அசையாதவன் பாடவில்லை என்று யார் சொல்வது? கடனில் மூழ்கி, வீட்டில் சண்டை போட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகனின் செய்தி வராமல் ஒருவர் வந்து நிற்பார். அவருக்குப் பாடத் தெம்பு இருக்காது. நாங்கள் பாடும்போது அவர் அழுவார். அந்தக் கண்ணீரை ஆராதனை இல்லை என்று தள்ளிவிடுவீர்களா?

சொறிக்கல்முனை_மகள்:
தம்பி சொல்வதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அதற்கு ஒத்த சாட்சி புனித அகுஸ்தீனாரிடம் உண்டு. மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்ற நாட்களில், கோவிலில் மக்கள் பாடுவதைக் கேட்டு அழுததைத் தம் அறிக்கைகளில் எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டு வழக்கம் அங்கே எப்படி வந்தது என்பதும் அதிலேயே இருக்கிறது. அரச குடும்பம் ஆயர் அம்புரோசியாரை நெருக்கியபோது மக்கள் கோவிலுக்குள்ளேயே இரவு பகலாக விழித்திருந்தார்கள். துயரத்தில் சோர்ந்துபோகாமல் இருக்கத்தான் பாடத் தொடங்கினார்கள்.

ஆனால் அதே அகுஸ்தீனார் பின்னர் தம்மையே கேட்டுப் பார்க்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் என்னை அசைத்தால் அது பாவம், அந்த வேளையில் பாட்டைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்கிறார். அப்படிச் சொல்லியும் பாட்டு வேண்டாம் என்று முடிக்கவில்லை. பலவீனமான மனதைப் பக்திக்குத் தூக்கிவிடும் என்று வைத்துக்கொள்கிறார். கண்ணீர் பாட்டிலிருந்து வருகிறதா, பாட்டு சொல்லும் ஆண்டவரிடமிருந்து வருகிறதா என்று அவர் தம்மைக் கேட்ட மாதிரி நாமும் கேட்க வேண்டும். பாடுகிறவர் மட்டுமல்ல, கேட்கிறவரும்.

(பாடுகிறவன் இரண்டு முறை ஜெபிக்கிறான் என்று அவர் பெயரில் போஸ்டர்களில் போடுகிறார்களே, அந்த வாக்கியம் அப்படியே அவருடைய எழுத்தில் இல்லை. பாடிப் புகழ்கிறவன் மகிழ்ச்சியோடும் புகழ்கிறான் என்ற பொருளில்தான் ஒரு சங்கீத விளக்கத்தில் சொல்கிறார்.)

எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையில், ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இதைத் தெளிவாக வைத்தது. திருவழிபாட்டு இசையின் நோக்கம் இரண்டு: இறைவனின் மகிமை, விசுவாசிகளைப் புனிதப்படுத்துவது. மக்கள் முழு உணர்வோடு செயல்முறையில் பங்கெடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு முன் பூசை லத்தீனில் நடக்கும், எங்கள் அம்மம்மாமார் ஒரு பக்கம் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இன்று தமிழில் எல்லாம் இருந்தும் மக்கள் வாய் மூடி நின்றால், அந்த மாற்றத்தால் என்ன பயன்? அதேநேரம் அந்தப் பங்கெடுப்பில் உரிய வேளை மௌனத்தையும் சங்கம் சேர்த்தது. நன்மை (நற்கருணை) வாங்கிய பிறகு பாடகர் குழு மட்டும் பாடும்போது நான் பேசாமல் இருந்து கேட்பேன். அதுவும் எனக்குச் செபம்தான்.

தம்பிலுவில்_வாசகன்:
நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் இந்த இழையை ஆர்வமாகப் படிக்கிறேன், ஒன்று கேட்கலாமா? எங்கள் கண்ணகி அம்மன் கோவிலில் வைகாசிச் சடங்கில் கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரை படிப்பார்கள். படிக்கிறவர் சிலர், கேட்கிறவர்கள் ஊர் முழுக்க. கேட்கிற பெண்கள் கண்ணீர் விடுவார்கள். அது பக்தி இல்லை என்று யாரும் சொன்னதில்லை. நீங்கள் ஏன் எல்லோரும் பாட வேண்டும் என்று இவ்வளவு அழுத்துகிறீர்கள்?

கல்லடி_பாடகன்:
நன்றி அண்ணன். நான் அங்கே வந்து வெளியே நின்று கேட்டிருக்கிறேன். அது ஒரு கதையை ஊருக்கு முன்னால் மறுபடி நிகழவைப்பது, அதற்குப் படிக்கிறவரின் குரல் வேண்டும். எங்களிடமும் அதற்கு இணையானது உண்டு. பெரிய வெள்ளி அன்று பாடுகளின் வரலாற்றை வாசிக்கும்போது சபை கேட்டுக்கொண்டுதான் நிற்கும்.

ஆனால் பாட்டு எங்களில் ஆதியிலிருந்தே கூட்டத்தின் வாயில் இருந்தது. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளினி என்ற ரோம ஆளுநர் கிறிஸ்தவர்களை விசாரித்துவிட்டுச் சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதினார். இவர்கள் ஒரு குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணி மாறி மாறிப் பாடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. விசாரணைக்கு அஞ்சி வாழ்ந்த ஆட்கள் அவர்கள். மேடை இல்லை. ஒரு பக்கம் பாட, மறுபக்கம் பதில் பாடினார்கள். பிறகு 4ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர் தவிர வேறு யாரும் கோவிலில் பாடக்கூடாது என்று விதித்தது. சுருதி கெடாமல் பார்க்கும் அக்கறை அதில் இருந்திருக்கலாம். ஆனால் நியமிக்கப்பட்டவர் வாய்க்குள் பாட்டு ஒருமுறை போய்விட்டால் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்குப் பிந்திய நூற்றாண்டுகளே சாட்சி.

ஒரு விசுவாசத்தை நான் காதால் கேட்டால் அது இன்னொருவருடைய விசுவாசமாகவே இருக்க இடமுண்டு. என் மூச்சை இழுத்து, என் நெஞ்சிலிருந்து அந்தச் சொல்லை வெளியே விட்டால், அதற்கு நானும் பொறுப்பாகிறேன். பக்கத்தில் நிற்பவரும் அதே வேளையில் அதே சொல்லுக்குப் பொறுப்பாகிறார். முதல் நாள் காணி எல்லைக்குச் சண்டை போட்ட இரண்டு பேர் ஒரே மூச்சில் ஒரே வரியைச் சொல்ல, பாட்டைத் தவிர வேறு எங்கே இடம் கிடைக்கும்?

வாட்டு_அக்கா:
நான் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி, வயதானவர்களை நிறையப் பார்க்கிறேன். கிற்றார் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

ஞாபக மறதி முற்றிய ஒரு அம்மா எங்கள் வாட்டில் இருந்தா. மகளின் பெயர் தெரியாது. சாப்பிட்டதும் தெரியாது. என்னை ஒவ்வொரு தடவையும் "ஆரு மனே நீ" என்று கேட்பா. ஒரு பின்னேரம் மகள் கட்டிலில் இருந்து பழைய கீர்த்தனை ஒன்றை மெதுவாக முணுமுணுத்தா. அம்மா பல்லவியைச் சரியாக எடுத்தா. அப்புறம் இரண்டாவது சரணத்தையும் மகளுக்கு முன்னாலேயே பாடினா, ஒரு சொல்லும் தவறவில்லை. பாடும்போது போர்வையின் விளிம்பில் விரல் தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும் மறுபடி மகளைத் தெரியவில்லை.

இந்த நோயில் மற்ற நினைவுகள் போன பிறகும் பழகிய பாட்டு கனகாலம் நிற்கும் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். ஆனால் கேட்டுக் கேட்டு ரசித்த பாட்டைவிட, திரும்பத் திரும்ப வாயால் பாடிய பாட்டுத்தான் இப்படி வருவதை நான் பார்க்கிறேன். அந்த அம்மாவுக்குக் கடைசியில் மிஞ்சிய ஜெபம் அந்தப் பாட்டு. இன்றைக்கு வாய் மூடி நிற்கும் பிள்ளைகளுக்கு அந்த வயதில் என்ன மிஞ்சும் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

நாவலடி_பேரன்:
கிற்றார் தம்பி, 22ஆம் சங்கீதத்தைச் சொன்னீர்கள். துதிகளுக்குள் வாசமாயிருக்கிறார் என்பது அதன் மூன்றாம் வசனம். முதலாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அந்தத் துதி இந்த அலறலுக்கு நடுவில் வருகிறது. ஆண்டவர் சிலுவையில் சொன்னதும் இந்த வரிதான். முதல் நாள் இரவு சீஷர்களோடு ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போனார். பாடிவிட்டுச் சாகப் போனவர், சாகும்போது ஒரு பாட்டின் முதல் வரியைச் சொல்லிக் கதறினார்.

நான் எங்கே வருகிறேன் என்றால், 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. நத்தாருக்கு அடுத்த நாள். நாவலடி, திருச்செந்தூர், டச்பார் என்று இந்தக் கரை முழுக்கச் சுனாமியில் அழிந்தது. இலங்கையிலேயே அதிகம் பேர் செத்தது அம்பாறை மாவட்டத்தில். பிறகு 2019 ஏப்ரல் 21, அதுவும் ஞாயிறு, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர் செத்தார்கள். இரண்டு முறையும் நாங்கள் பாட்டோடு கொண்டாடிக்கொண்டிருந்த நாட்களிலேயே அடி விழுந்தது.

அடக்கங்கள் முடிந்து சபை திரும்பக் கூடியபோது என்ன பாடினோம்? வெற்றி, ஜெயம், எழும்புவேன், பறப்பேன். எங்கள் பாட்டுப் பட்டியலில் வேறு இல்லை. பிள்ளையைப் புதைத்த தகப்பனின் கையை உயர்த்தச் சொல்லி மேடையிலிருந்து கேட்டார்கள். அவர் உயர்த்தவில்லை, வெளியே போனார். பல மாதம் வரவில்லை.

150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவு புலம்பல். 88ஆம் சங்கீதம் ஆறுதல் வரி ஒன்றும் இல்லாமலேயே முடிகிறது. அதையும் பாடுவதற்குத்தான் கொடுத்திருக்கிறார். பாட்டின் நோக்கம் மனதைத் தூக்கிவிடுவது மட்டும் என்றால் அந்தப் பாட்டுகள் வேதத்தில் இருக்க வேண்டிய தேவை இல்லை. உடைந்த மனதை உடைந்தபடியே தேவனுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க ஒரு வழி வேண்டும், அதைத் தனியாகச் செய்ய முடியாதவனுக்குச் சபை கூடப் பாட வேண்டும். அந்தத் தகப்பனுக்கு நாங்கள் அதைத்தான் கொடுக்காமல் விட்டோம்.

கிற்றார்_தம்பி:
அண்ணன், இதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க யோசித்தேன். தெம்பில்லாமல் வந்து நிற்பவரைப் பற்றி நான் எழுதியதும் நீங்கள் சொல்வதும் ஒரே ஆளைப் பற்றித்தான். அவருக்காக நாங்கள் பாடுகிறோம் என்றேன். அவரோடு பாட வேண்டும் என்கிறீர்கள். சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பாட்டு எங்கே இருக்கிறது? யூடியூப்பில் வரும் புதுப் பாட்டுகளில் புலம்பல் தேடித்தான் பார்க்க வேண்டும்.

படுவான்கரை_வாத்தியார்:
குறுக்கே ஒரு விஷயம். வாவிக்கு இந்தப் பக்கம் எங்கள் சபை இருபது பேர்தான். கரண்ட் போனாலும் போகாவிட்டாலும் எங்கள் ஆராதனை ஒன்றுதான், ஒரு டோல்கி மட்டும். பாடாத ஆள் கிடையாது, பாடாவிட்டால் பக்கத்து ஆளுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் பாடுவதோடு முடிந்துவிடுமா? ஆமோஸ் 5ஐ மறக்காதீர்கள். "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்றவர் அடுத்த வசனத்தில் நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டுவரட்டும் என்கிறார். வயலில் வெட்டுக் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு ஞாயிறு பாடினால் அந்தப் பாட்டு எங்கே போகும்? ஒலிபெருக்கியை வெளியே திருப்பி வைத்து, அயலில் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் இரவைக் கெடுக்கும் சபைகளும் இதை யோசிக்க வேண்டும். பவுலும் சீலாவும் நடுராத்திரியில் சிறையில் பாடியபோது மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலரில் இருக்கிறது. அயலான் விரும்பிக் கேட்கும் பாட்டாக இருக்க வேண்டும்.

ஆர்மோனியம்_ஐயா:
எல்லோரும் ஆவிக்குரிய காரணங்களை நன்றாகச் சொன்னீர்கள். நான் பெட்டி வாசிக்கிறவன், கைவேலைக் காரணத்தைச் சொல்கிறேன். சபை பாடாததற்குப் பாதிக் காரணம் பக்திக் குறைவு இல்லை, சுருதி.

பதிவில் கேட்ட பாட்டை அதே சுருதியில் எடுக்கிறார்கள். அதைப் பாடியவர் பயிற்சி பெற்ற குரல்காரர். சரணத்தில் மேலே ஏறும் இடம் வந்ததும் சபையில் ஆண்கள் கீழ் ஸ்தாயிக்கு விழுவார்கள், மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை நிறுத்தியவர் அந்தப் பாட்டில் திரும்ப வரமாட்டார். கீபோட்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. இரண்டு அல்லது மூன்று அரைச்சுரம் இறக்குங்கள். மேடைப் பாடகருக்குச் சோபை குறையும், பரவாயில்லை.

இரண்டாவது, சத்தம். தன் குரலும் பக்கத்தவர் குரலும் தன் காதில் விழுந்தால்தான் மனிதன் பாடுவான். ஸ்பீக்கர் அதை மூடிவிட்டால் வாயைத் திறந்தும் பயனில்லை என்று மூடிக்கொள்வான். 2022இல் மின்வெட்டு நேரம் பல கோவில்களில் சபையின் குரலை முதல் தடவையாகக் கேட்டோம், அதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, புலம்பல் கேட்ட தம்பிக்கு. புதுப் பாட்டுத் தேட வேண்டாம். 13ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்ற கேள்வி முதல் இரண்டு வசனத்தில் நான்கு தடவை வருகிறது, அதுவே பல்லவி. நாதநாமக்கிரியையில் போடுங்கள். துயரத்துக்குப் பொருந்தும் ராகம், மேலே நிஷாதத்தோடு (நி) நின்றுவிடும், மேல் சட்ஜத்துக்கு (ச) ஏற வேண்டியதில்லை. ஆச்சிமாரும் பாடுவார்கள், குரல் உடையும் வயதுப் பையன்களும் பாடுவார்கள்.

கிற்றார்_தம்பி:
ஐயா, மெட்டு ஒன்று போட்டு வட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா? வரும் மாதம் முதல் ஞாயிறு எங்கள் சபையில் பாடிப் பார்க்கிறேன். ட்ரம்ஸ் வேண்டாம் என்று பாஸ்டரிடம் பேசிவிட்டேன். ஆறாவது வசனம் "பாடுவேன்" என்று முடிகிறதே, அதைச் சரணமாக வைப்பதா, பல்லவியை அங்கே மாற்றுவதா?

ஆர்மோனியம்_ஐயா:
மாற்றாதே தம்பி. ஆறாவது வசனத்தைச் சபை முழுக்கச் சேர்ந்து பாடட்டும், அதன் பிறகும் ஒருமுறை "எதுவரைக்கும்" என்ற பல்லவிக்கு வா. அன்று வாங்கில் இருக்கும் சிலருக்கு ஆறாவது வசனம் இன்னும் வந்திருக்காது. மெட்டு இன்று இரவு அனுப்புகிறேன்.

கல்லடி_பாடகன்:
எனக்கும் அனுப்புங்கள் ஐயா. எங்கள் பிள்ளைகளில் நாலு பேரை மேடையிலிருந்து இறக்கி, மைக் இல்லாமல் சபைக்குள் நாலு இடத்தில் நிறுத்தப் போகிறேன். கமிட்டியில் பேச்சு வரும், வரட்டும்.